வீடு இருக்கிறவங்களுக்கா, வாறவங்களுக்கா?



கொஞ்சம் நீண்ட பதிவு. சிலருக்குக் கசக்கவும் செய்யும். பொறுமையாக வாசியுங்கள்.

நம்ம ஊரில் வீடு வாசலைப் பற்றி இரண்டு விதமான பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. ஒன்று, "இந்தக் காலத்துப் பொம்புளையளுக்கு வீட்ட ஒழுங்கா வெச்சிக்கத் தெரியா, போன் நோண்டத்தான் தெரியும்" என்ற பேச்சு. கல்யாண வீட்டில் தொடங்கி மையித்து வீடு வரைக்கும் இதைக் கேட்கலாம். மற்றது, யூடியூபில் எங்கோ குளிர் தேசத்து வீட்டைக் காட்டி, "ஒரு வருஷமாத் தொடாத சாமான் எல்லாத்தையும் தூக்கி வீசுங்க, மனசு லேசாகும்" என்று சொல்லும் பேச்சு. முதலாவது நம் பெண்களைக் கேவலப்படுத்துகிறது. இரண்டாவது, ஒரு சாமானை மறுபடி வாங்க நம்மவர்கள் எத்தனை மாதம் சேர்க்க வேண்டும் என்பது தெரியாமல் பேசுகிறது.

வருடக்கணக்காக இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் படிப்பித்து, அவர்களுடைய உம்மாமாரோடும் வாப்பாமாரோடும் பேசி வருகிற ஆசிரியர்கள் நாங்கள். இந்த இரண்டு பேச்சையும் ஓரமாக வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்கிறோம். நீங்கள் கட்டிய வீடு அதில் இருக்கிறவங்களுக்கா, எப்பயாவது வாறவங்களுக்கா?

முதலில் அந்த உம்மாவின் நாளை எண்ணிப் பாருங்கள். சுபஹுக்கு முன்னால் எழும்புகிறார். காலைச் சாப்பாடு, பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டி, 7.30 மணிக்குள் பாடசாலை வாசல். அவரும் வேலைக்குப் போகிறவர் என்றால் இன்னொரு ஓட்டம். 1.30 மணிக்குப் பாடசாலை விட்டால் பகல் சாப்பாடு, பின்னேரம் மூத்த பிள்ளைக்கு டியூஷன், சின்னப் பிள்ளைக்குக் குர்ஆன் மத்ரஸா. நடுவில் மாமிக்குச் சீனி வருத்த மருந்து, கிளினிக் நாளென்றால் ஆஸ்பத்திரி வரிசை. மஃரிபுக்குப் பிறகு வீட்டுப்பாடம். இஷாவுக்குப் பிறகு நாளைய கறிக்குத் தேங்காய் இருக்கிறதா என்ற யோசனை. வாப்பா கட்டாரிலோ சவூதியிலோ இருந்தால் இது எல்லாம் ஒரே ஆளின் தலையில்.

இப்படி ஒரு நாளைக் கடத்துகிறவரின் வீட்டில் மடிக்காத உடுப்பு ஒரு கூடை கிடந்தால் என்ன குற்றம்? அந்தக் கூடையைப் பார்த்து முகம் சுழித்தவர், அவர் மாமிக்கு ஒரு நேர மருந்தும் தவறாமல் கொடுத்ததைப் பார்த்தாரா? சின்னவன் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கியதைப் பார்த்தாரா? அவர் கண்ணில் பட்டது கூடை மட்டும்தான்.

உடனே ஒருவர் ஹதீஸோடு வருவார்: சுத்தம் ஈமானில் பாதி என்று. அதை நாங்களும் வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் அந்த ஹதீஸ் பேசும் தூய்மை வேறு, மாமியின் கண்ணுக்குக் குஷன் நேராக இருப்பது வேறு. பழுதான சோறு, நாறும் மலசலகூடம், தேங்கிய தண்ணீர், நஜீஸ் பட்ட துணி, இவை அசுத்தம். இவற்றுக்கு ஒரு நாளும் தவணை கொடுக்கக் கூடாது. கட்டிலில் விரிந்து கிடக்கும் கொப்பி, செட்டியில் கிடக்கும் பாடசாலைப் பை, மேசையில் பாதி செய்து வைத்த விஞ்ஞானச் செயற்றிட்டம், இவை அசுத்தம் இல்லை. அந்த வீட்டில் ஆட்கள் வாழ்கிறார்கள், பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதற்கான அடையாளம். இந்த இரண்டையும் கலந்து, மார்க்கத்தின் பெயரால் ஒரு பெண்ணைக் குறை சொல்வது அநியாயம்.

சரி, வீட்டில் இடத்தைப் பிடித்துக்கொண்டு இருப்பது உண்மையில் எது? அதையும் பேசுவோம்.

ஹோலில் ஒரு ஷோகேஸ். அதற்குள் மூன்று டின்னர் செட். கல்யாணத்துக்கு வந்தது, வெளிநாட்டிலிருந்து வந்தது, குடிபுகுந்தபோது வந்தது. அந்தப் பீங்கானில் அந்த வீட்டுப் பிள்ளை ஒரு நாளும் சோறு தின்றதில்லை. அலுமாரிக்கு மேல் பெட்டி பிரிக்காத சவூதிக் கம்பளிகள். நம்ம ஊர் வெயிலுக்கு ஒன்றே அதிகம், இருப்பது ஐந்து. கட்டிலுக்கு அடியில், விருந்தாளி வந்தால் விரிக்க என்று பொலித்தீனோடு வைத்திருக்கும் பெட்சீட்கள். முன்னறையில் பிள்ளைகள் இருக்கக் கூடாத குஷன் செட். "அதுல இருக்காதங்க, ஆக்கள் வந்தா இருக்கிறதுக்கு."

இனி அதே வீட்டில் தரம் 10 இல் படிக்கும் பிள்ளையிடம், "நீ எங்க இருந்து படிக்கிற?" என்று கேளுங்கள். கட்டிலில் குப்புறப் படுத்து என்பான். குசினி நிலத்தில் என்பாள். கொப்பியைப் பார்த்தாலே எங்களுக்குத் தெரியும். கையெழுத்து ஒரு பக்கம் சரிந்திருக்கும், தாள் நடுவில் மடிந்திருக்கும், ஓரத்தில் கறிக்கறை. கேத்திர கணிதத்தில் கோடு நேராக வராது, ஏனென்றால் மெத்தையில் வைத்துக் கோடு கீற முடியாது. பெற்றார் கூட்டத்தில், "டீச்சர், இவனுக்குப் படிப்புல கவனமே இல்ல" என்கிறார்கள். அவனுக்கு ஒரு மேசையும் கதிரையும் போட இரண்டடிக்கு மூன்றடி இடம் போதும். அந்த இடத்தில்தான் ஷோகேஸ் நிற்கிறது.

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் உள்ள நம் கரையோர ஊர்களில் காணித் துண்டு எவ்வளவு சின்னது என்பது எல்லாருக்கும் தெரியும். மதிலுக்கு மதில் ஒட்டிய வீடுகள். அப்படிப்பட்ட இடத்தில் ஓர் அலுமாரிக்குக் கொடுக்கும் நிலம் யாரோ ஒருவரிடமிருந்து எடுக்கப்பட்ட நிலம். யாரிடமிருந்து என்று தேடினால் பெரும்பாலும் வீட்டிலேயே சின்ன ஆளிடமிருந்தும், வீட்டிலேயே மூத்த ஆளிடமிருந்தும்தான்.

மூத்த ஆள் என்று சொன்னது சும்மா இல்லை. நம்ம கிழக்கில் மகளுக்குச் சீதனமாக வீடு கட்டிக் கொடுக்கிறோம். சீதனம் சரியா பிழையா என்ற வாதம் வேறொரு நாளைக்கு. ஆனால் நடப்பதைப் பாருங்கள். ஒரு வாப்பா பாலைவனத்தில் பதினைந்து வருடம் உழைத்து, ஒரு உம்மா நகையை அடகு வைத்து, வீட்டைக் கட்டி முடிக்கிறார்கள். பிறகு அதை நிரப்ப லோன் எடுக்கிறார்கள். வீடு வெறுமையாக இருந்தால் மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள் என்று கட்டில், ட்ரெஸிங் டேபிள், மூன்று கதவு அலுமாரி, ஷோகேஸ். எல்லாம் வந்து நிரம்பிய பிறகு, அந்த வீட்டைக் கட்டிய இரண்டு பேரும் எங்கே படுக்கிறார்கள்? பல வீடுகளில் பின்பக்கத்து அறையில். ஒரு மூலையில் நெல் மூட்டை, இன்னொரு மூலையில் பழைய மின்விசிறி, நடுவில் உம்மம்மாவின் கட்டில். ராவில் மலசலகூடத்துக்கு எழும்பினால் சாமானில் கால் தடக்கி விழுகிறார். வயதுபோன ஆள் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் பிறகு எழும்பி நடப்பது லேசான காரியமா? அந்த அறையை "சாமான் அறை" என்று பிள்ளைகள் சொல்வதைக் கேட்கும்போது நெஞ்சு பதறுகிறது. உம்மம்மா சாமானா?

அடுத்தது நோன்பு. இதைச் சொல்லும்போது எங்களுக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

ரமழானின் கடைசிப் பத்து இரவுகளின் மதிப்பை நாம் யாருக்கும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. ஆண்கள் பள்ளிவாசலில் இஃதிகாப் இருக்கிறார்கள், கியாமுல்லைல் தொழுகிறார்கள். அல்ஹம்துலில்லாஹ். அதே பத்தில் நம் வீட்டுப் பெண்கள் என்ன செய்கிறார்கள்? திரைச்சீலை கழற்றிக் கழுவுகிறார்கள், ஜன்னல் துடைக்கிறார்கள், ஷோகேஸில் உள்ள பீங்கானை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துத் திரும்ப வைக்கிறார்கள், சுவருக்குப் பெயின்ட் அடிக்கும் ஆளுக்கு ஏணி பிடிக்கிறார்கள். நோன்பு வைத்த வயிற்றோடு. பெருநாளைக்கு ஆக்கள் வருவாங்க.

2024 ஆம் ஆண்டுக்கான க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை 2025 மார்ச் 17 முதல் 26 வரை நடந்தது ஞாபகம் இருக்கிறதா? அது நோன்பின் நடுப்பகுதியில் தொடங்கி கடைசிப் பத்துக்குள் போய் முடிந்தது. நோன்போடு மூன்று மணித்தியாலம் வினாத்தாளோடு போராடிவிட்டு வந்த பெண் பிள்ளைகள் சிலர், வீட்டுக்குப் போய் அடுத்த நாள் பாடத்தைத் தொடுவதற்கு முன் வாளியையும் துணியையும் தொட்டார்கள். தம்பிமார் தொடவில்லை, நானாமார் தொடவில்லை. பதினொரு வருடப் படிப்பின் முடிவு அந்தப் பத்து நாளில் இருந்தது. ஜன்னல் அடுத்த மாதமும் அங்கேயேதான் இருந்திருக்கும்.

ஆண்களே, இது உங்களுக்கும்தான். நபியவர்கள் (ஸல்) வீட்டில் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் தொழுகைக்குப் போவார்கள் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். புகாரியில் இருக்கிறது. மௌலவிமார் குத்பாவில் ஓதுகிறார்கள், நாமும் தலையாட்டுகிறோம். பிறகு வீட்டுக்கு வந்து, "என்ன இது, கால் வைக்க இடமில்ல" என்று கேட்கிறோம். கேட்கிற நேரத்தில் குனிந்து இரண்டு சாமானை எடுத்து வைத்தால் கால் வைக்க இடம் வந்துவிடும்.

இனி மறுபக்கம். "எல்லாத்தையும் வீசுங்க" என்கிறவர்களுக்கு.

நம்ம சமூகத்தில் ஏன் ஒரு மூத்தம்மா ஐஸ்கிரீம் டப்பாவைக் கூடக் கழுவி அடுக்கி வைக்கிறார் என்று யோசித்தீர்களா? 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். ஒரு வாழ்க்கையில் சேர்த்ததை விட்டுவிட்டுக் கையில் பிடித்ததோடு வந்தவர்கள் புத்தளத்துக் கொட்டில்களில் ஒரு கோப்பைக்கும் ஒரு வாளிக்கும் அலைந்தார்கள். 2004 டிசம்பர் 26 காலையில் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கடலோரத்து வீடுகளைக் கடல் அத்திவாரம் வரை வழித்துக்கொண்டு போனது. 2022 நெருக்கடியில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது. பழைய கொப்பிகளில் மிச்சமிருந்த வெறும் தாள்கள் அந்த நேரம் எவ்வளவு பெறுமதி என்பதைப் படிப்பிக்கிற எங்களைக் கேளுங்கள்.

இப்படி இழந்து பார்த்த ஒரு மூத்தம்மாவின் மூலையைப் பார்த்து, "இது என்ன குப்பை" என்று பேரன் சிரிக்கக் கூடாது. கேட்காமல் எடுத்து வீசவும் கூடாது. அவர் பக்கத்தில் இருந்து, எது வேணும் எது வேணாம் என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்து எடுங்கள். ஒரு நாளில் முடியாது. ஒரு மாதம் ஆகட்டும். அந்த மாதத்தில் அவர் சொல்லும் கதைகள் உங்களுக்கு இலாபம்.

ஆனால் இழப்பின் பயத்தில் வைத்திருக்கும் ஐஸ்கிரீம் டப்பாவையும், பெருமைக்கு வைத்திருக்கும் மூன்றாவது டின்னர் செட்டையும் ஒரே தராசில் போட முடியாது. டப்பாவில் நாளைக்குச் சீனி போடலாம். டின்னர் செட் ஊரார் கண்ணுக்கு. ஸஹீஹ் முஸ்லிமில் விரிப்புகளைப் பற்றி ஒரு ஹதீஸ் உண்டு. கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, விருந்தாளிக்கு ஒன்று என்று எண்ணி, நான்காவதை ஷைத்தானின் பங்காகச் சொன்னார்கள் நபியவர்கள். கவனியுங்கள், விருந்தாளியை மறக்கவில்லை. அவருக்கு ஒரு பங்கு உண்டு. முழு வீடும் அவருக்கு இல்லை.

வெளியே எடுப்பது என்று முடிவு செய்தவர்களுக்கும் இரண்டு வார்த்தை. வெள்ளம் வந்து நிவாரணம் சேர்க்கும்போது பள்ளிவாசல் முற்றத்தில் நின்று பைகளைப் பிரித்தவர்கள் நாங்கள். பொத்தான் இல்லாத சேர்ட், கிழிந்த உள்ளாடை, ஒரு கால் செருப்பு, எல்லாம் "ஸதகா" என்று வந்து சேரும். நமக்குத் தந்தால் கண்ணை மூடிக்கொண்டே தவிர வாங்க மாட்டோம் என்ற பொருளை அல்லாஹ்வின் பாதையில் கொடுக்க நாட வேண்டாம் என்று சூரா பகராவின் 267 ஆவது வசனம் எச்சரிக்கிறது. கொடுப்பதென்றால் அந்தப் பிரிக்காத கம்பளியைக் கொடுங்கள். பாவிக்காத டின்னர் செட்டை, புதுக் குடித்தனம் தொடங்கும் ஓர் ஏழைப் பிள்ளைக்குக் கொடுங்கள். பழைய துணியைத் துடைக்கும் துணியாக வெட்டி வீட்டிலேயே முடியுங்கள்.

பிளாஸ்டிக்கையும் பொலித்தீனையும் ஒரு சொப்பிங் பேக்கில் கட்டி வாசலில் வைத்தால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். நம் அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று எட்டு வருடங்களில் ஏறத்தாழ 20 யானைகள் செத்தன என்று 2022 ஜனவரியில் உலகம் முழுக்கச் செய்தி வந்தது. நம் கரையோர ஊர்கள் பலவற்றின் குப்பை அங்கேதான் போனது. வாயில்லா ஜீவனின் வயிற்றுக்குள் கிடந்தது நாம் கட்டி வைத்த பை. தேவையில்லாததை வாங்காமல் விடுவதுதான் முதலாவது துப்புரவு.

அப்படியானால் எது முதல், எது பிறகு? எங்கள் வரிசையைச் சொல்கிறோம்.

முதலாவது, தண்ணீர். 2017 தொடக்கத்தில் கிண்ணியாவில் டெங்கு பரவி எத்தனை ஜனாஸாக்களை அடக்கினார்கள் என்பதை மறந்துவிட்டோமா? அந்த வருடம் நாடு முழுக்க 186,000 பேருக்கு மேல் நோயாளர்கள், 400 பேருக்கு மேல் மரணம். டெங்கு நுளம்புக்குக் குப்பை மேடு தேவையில்லை. சிரட்டை, யோகட் கோப்பை, பூச்சாடித் தட்டு, பிரிஜ்ஜின் பின்தட்டு, இலை அடைத்த பீலி, மதிலோரத்து டயர் போதும். முட்டை காய்ந்து மாதக்கணக்கில் கிடந்தாலும் மழைத் தண்ணீர் பட்டால் பொரிக்கும், ஒரு கிழமை அளவில் நுளம்பாகப் பறக்கும். ஆகவே கிழமைக்கு ஒரு தடவை, ஜும்ஆவுக்கு முன் அரை மணித்தியாலம், ஆண் பிள்ளைகளை வளவுக்கு அனுப்புங்கள். ஹோலில் தூசி இருந்தால் யாரும் சாகமாட்டார்கள். பின்வளவில் தண்ணீர் இருந்தால் சாவார்கள்.

இரண்டாவது, குசினியும் மலசலகூடமும். இது ஒருவரின் வேலை இல்லை. பாவிக்கிற எல்லாருடைய வேலையும்.

மூன்றாவது, வயதானவர்கள் நடக்கும் வழி. அவர்களின் கட்டிலிலிருந்து மலசலகூடம் வரைக்கும் ஒரு சாமானும் இருக்கக் கூடாது.

நான்காவது, பிள்ளைக்கு ஒரு மேசை. தச்சனிடம் போகத் தேவையில்லை. ட்ரெஸிங் டேபிளைத் துப்புரவாக்கினாலும் மேசைதான். அது எப்போதும் பிள்ளைக்கே. மேலே உடுப்புப் போடக் கூடாது.

ஐந்தாவது, தொழுகைக்கு ஒரு சுத்தமான இடம்.

இந்த ஐந்தும் சரியாக இருந்தால் மற்றதெல்லாம் எப்படிக் கிடந்தாலும் அது நல்ல வீடுதான். நேரம் கிடைத்தால் மடியுங்கள், அடுக்குங்கள். கிடைக்காவிட்டால் தூங்குங்கள். அந்த உம்மாவுக்குத் தூக்கமும் ஓர் உரிமை.

வீடு பார்க்க வருகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். யாருடைய வீட்டுக்குப் போனாலும் கண்ணை மூலைக்கு விடாதீர்கள். பொண்ணு பார்க்கப் போகும் மாமிமாரே, ஷோகேஸை எண்ணாதீர்கள். அந்தப் பிள்ளை எதுவரை படித்தாள் என்று கேளுங்கள். நீங்கள் எண்ணுவதை நிறுத்தினால் இந்த ஊரில் ஆயிரம் வாப்பாமாரின் லோன் குறையும்.

சூரா தகாஸுர் எட்டே எட்டு வசனம். சின்னப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். மண்ணறைகளைச் சந்திக்கும் வரை சேர்ப்பதிலேயே போட்டி போட்டுக் கிடப்பவர்களைப் பற்றியது அது. தொழுகையில் அதை ஓதிவிட்டு, ஸலாம் கொடுத்த கையோடு தவணைக் கட்டணத்துக்குப் புது செட்டி பார்க்கப் போகிறவர்கள் அதன் கருத்தை ஒரு தடவை வாசிக்கட்டும்.

பெருநாளைக்கு எங்கள் வீடுகளுக்கு வாருங்கள். வட்டிலப்பம் இருக்கும். செட்டியில் கொப்பிகள் கிடந்தால் தள்ளி வைத்துவிட்டு இருங்கள்.

அல்லாஹ் நம் எல்லாருடைய வீடுகளிலும் பரக்கத் செய்வானாக. உங்கள் வீட்டு ஆண்களுக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.